சாய் வெய்ஜுன் கையெழுத்திட்ட பெட்டி

பூமியைக் காப்பாற்றும் பணி தைபே நகரத்தில், ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில், செவ்வாய்க்கிழமைதோறும் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை நடைபெற்று வந்தது. நான்கு மணிக்கு மேல் பூமி தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். கூட்ட அறையை வேறு பிரிவினர் முன்பதிவு செய்திருந்தார்கள்.

காப்பாற்றும் கருவி, பாத்திரம் துலக்கும் பொடி. எண்ணெய் பிழிந்த தேயிலை விதைச் சக்கையை அரைத்தது. நாற்பது ஆண்டுகளாக வெறும் காகிதப் பொட்டலத்தில் விற்றார்கள். பொடி தீர்ந்ததும் மக்கள் காகிதத்தைக் கசக்கிப் போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். ஒரு பசுமைப் பொருள் இவ்வளவு கேவலமான நிலையில் இருக்கலாகாது என்று முடிவு செய்த முதலாளி லியாவ், வடிவமைப்பாளர் வெய்ஜுனை அழைத்தார்.

"பொட்டலம் நல்லாத்தான் இருக்கு வெய்ஜுன். ஆனா இயற்கையைப் பார்த்தா இயற்கை மாதிரி தெரியணுமா இல்லியா?"

"அது இயற்கைதானே சார்? பழுப்புக் காகிதம்."

"ஒவ்வொரு கட்டும் ஒவ்வொரு பழுப்பு. கடையில அடுக்கினா தேமல் விழுந்த மாதிரி இருக்கு. நீ வெள்ளை அட்டை எடு. அதுமேல பழுப்பு அச்சடி. ஒரே பழுப்பு. நம்பகமான பழுப்பு."

அடுத்த செவ்வாய்க்கிழமை, அந்தப் பழுப்பு வழவழப்பாக இருப்பதாகக் குறை எழுந்தது. தொட்டால் காட்டைத் தொட்டதுபோல இருக்க வேண்டும் என்றார் லியாவ். காட்டின் சொரசொரப்பைத் தரும் பிளாஸ்டிக் படலம் ஒன்று சந்தையில் இருந்தது. அதை அட்டையின் இருபுறமும் ஒட்டினார்கள். "நாங்கள் காகிதத்தைக் குறைத்துவிட்டோம்" என்று விளக்கும் எட்டுப் பக்கத் துண்டறிக்கை ஒன்றையும் உள்ளே வைத்தார்கள்.

மனதில் கேள்வி எழும்போதெல்லாம் வெய்ஜுன் எழுத்துரு தேர்ந்தெடுக்க உட்கார்ந்துவிடுவாள். பழக்கம். காட்டைத் தொடுவதற்குப் பிளாஸ்டிக் எதற்கு என்ற கேள்வி சற்றுப் பெரிதாக இருந்ததால், மூன்று நாள் தேர்ந்தெடுத்தாள். "முழுமையாக மறுசுழற்சி ஆகும்" என்ற வாசகம் அவ்வளவு அழகாக அமைந்ததற்கு அதுவே காரணம்.

"ஒண்ணு குறையுது," என்றார் லியாவ். "ஒளிவுமறைவின்மை. பெட்டிக்குப் பின்னால ஒரு மனுஷி இருக்கான்னு ஜனங்களுக்குத் தெரியணும். உன் கையெழுத்தைப் போடு."

பதினான்கு வருஷ வேலையில் அவள் பெயர் எதிலும் வந்ததில்லை. அன்று வீட்டுக்குப் போய் இருபது தாளில் கையெழுத்துப் போட்டுப் பார்த்தாள். தன் பெயரைத் தானே உற்றுப் பார்ப்பது கண்ணாடியில் நெடுநேரம் பார்ப்பதைப் போலக் கூச்சமாகவும், விட மனமில்லாமலும் இருந்தது. தைனானில் இருந்த அம்மா முதல் பெட்டியை முன்னோர் பெயர் எழுதி வழிபடும் பலகையின் முன் வைத்து ஊதுபத்தி கொளுத்தினாள். "தாத்தாவுக்குப் படிச்சுக் காட்டிட்டேன்டி," என்று தொலைபேசியில் சொன்னாள்.

பெட்டிக்கு விருதும் கிடைத்தது. 'மண்ணோடு உரையாடும் வடிவம்' என்றது நடுவர் குழு. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கட்டிக்குள் ஒரு நிஜ இலையை அடைத்துக் கொடுத்தார்கள். இலை இன்றுவரை வாடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. காகிதம் எடுக்கும் நாள். மஞ்சள் குப்பை லாரி இசையோடு சந்துக்குள் திரும்ப, எல்லோரும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். குப்பையைத் தரையில் வைக்கக் கூடாது. கையிலேயே வைத்திருந்து, ஊர் பார்க்க ஒப்படைக்க வேண்டும். வெய்ஜுன் ஆறு மாதிரிப் பெட்டிகளை நீட்டினாள். லாரிக்குப் பின்னால் வந்த மறுசுழற்சி வண்டியில் நின்ற ஆ-ஹோங் அக்கா ஒன்றின் மூலையைக் கிழிக்கப் பார்த்தார். அது கிழியவில்லை. மிட்டாய்போல இழுபட்டது.

"இது என்னம்மா?"

"காகிதம்க்கா."

"எது? இதா? காகிதமும் இல்ல, பிளாஸ்டிக்கும் இல்ல. ரெண்டுங்கெட்டான். காசு குடுத்து வாங்கற நீலக் குப்பைப் பையில கட்டி முன்னாடி லாரியில போடு, எரிக்கிற சூளைக்குப் போகட்டும்." பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "அடடே, கையெழுத்து வேற! சாய் வெய்ஜுன். யாரு இந்தப் புண்ணியவதி?"

சந்தில் எல்லோருக்கும் அவள் மூன்றாம் மாடிப் பெண். பெயர் யாருக்கும் தெரியாது.

"தெரியாதுக்கா," என்றாள். பொய் சொல்லச் சிரமப்படுவோம் என்று இத்தனை நாள் தன்னைப் பற்றி நினைத்திருந்தாள். தும்மலைவிட எளிதாக வந்தது.

செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு அவள் எழுந்து நின்று, குப்பை லாரியில் நடந்ததைச் சொன்னாள். பழைய பொட்டலத்துக்கே போய்விடலாம், இல்லையென்றால் தன் பெயரையாவது எடுத்துவிடுங்கள் என்றாள்.

"பேரை எடுத்தா ஒளிவுமறைவு ஆயிடுமே!" லியாவ் நிஜமாகவே வருந்தினார். "இப்ப என்ன, நீலப் பை வேணுமாம் அவ்வளவுதானே? ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் ஒரு நீலப் பை மடிச்சு வச்சுடுவோம். ஜனங்களுக்கு வசதி."

அறை கைதட்டியது. வெய்ஜுனின் கைகளும் தட்டின, பழக்கம்.

அடுத்த வெள்ளிக்கிழமை வரிசையில் ஏழெட்டுப் பேர் கையில் அதே பெட்டி. பொடி நன்றாகத்தான் விற்றிருந்தது. ஆ-ஹோங் அக்கா ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற ஓய்வுபெற்ற வாத்தியார் கத்தினார்.

"மறுசுழற்சி ஆகும்னு அச்சடிச்சிருக்கே, கண்ணு தெரியலையா உனக்கு? உன் மேல புகார் எழுதறேன் பாரு! விருது வாங்கின பெட்டிம்மா இது. இவ்வளவு பெரிய எழுத்துல பொய்யா போடுவாங்க?"

"எழுதுங்க வாத்தியாரே, எழுதுங்க," என்றார் ஆ-ஹோங். ஆனால் போன வருஷம் ஒரே ஒரு புகாருக்கு வண்டியில் நின்ற ஆளையே மாற்றியிருந்தார்கள், சந்தே அறியும்.

வெய்ஜுன் தேர்ந்தெடுப்பதற்கு எழுத்துரு எதுவும் அருகில் இல்லை.

"பொய்தான் வாத்தியாரே," என்றாள். "நான்தான் எழுதினேன். சாய் வெய்ஜுன் நான்தான்."

வாத்தியார் பெட்டியைத் திருப்பிக் கையெழுத்தைத் தேடினார்.

"போன வாரம் தெரியாதுன்னியே?" என்றார் ஆ-ஹோங்.

"போன வாரம் தெரியாதுக்கா."

ஆ-ஹோங் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கையிலிருந்த பெட்டியை அவள் கைகளில் வைத்தார். வாத்தியார் தன்னுடையதை அதன்மேல் வைத்தார். வரிசை ஒழுங்காக நகர்ந்தது. லாரி சந்திலிருந்து வெளியேறியபோது அவள் முகம் பெட்டிகளுக்குப் பின்னால் மறைந்திருந்தது.

ஒளிவுமறைவின்மையில் லியாவ் நிறுவனத்தை மிஞ்ச யாராலும் முடியாது என்பதை இங்கே பணிவுடன் பதிவு செய்ய வேண்டும். குற்றம் செய்கிறவர்கள் பொதுவாக ஒப்புக்கொள்வதில்லை. இவர்கள் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கையெழுத்தோடு முப்பதாயிரம் பிரதிகள் அச்சிட்டு, வீடுவீடாக அனுப்பி, எந்த மழையிலும் அழியாதபடி இருபுறமும் படலம் ஒட்டியும் வைத்திருக்கிறார்கள்.