பலவீன ஒதுக்கீடு

எங்கள் குடிநீர் வழங்கல் அலுவலகத்தில், குழாயில் தண்ணீர் வருவதைத் தவிர மற்ற எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தன. மேலிடத்துக்கு அது பொறுக்கவில்லை. பெரிய கம்பெனிகளில் எல்லாம் இப்போது இதுதான் மோஸ்தர் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். பணியாளர்கள் அனைவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேய் விளையாட்டு ஆடி மன உறுதி பெற வேண்டும், பயிற்சியின் விளைவுகளை அலுவலக நடைமுறையில் உடனடியாக அமல்படுத்த வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது.

வந்துவிட்டுப் போகட்டும் என்று நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் என் விடுப்பு மனு அய்யாவின் மேஜையில் கிடந்தது. அய்யா என்றால் அலுவலகத் தலைவர். என் மனைவி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய், மகள் பிறந்து, அவளுக்குப் பல்லே முளைக்கப் போகிறது. நான் இன்னும் முகம் பார்த்த பாடில்லை.

"பயிற்சி முடியட்டும்யா, கையெழுத்துப் போடறேன்" என்றார் அய்யா.

பயிற்சியாளர் பகடையோடு வந்தார். கிழிந்த பேன்ட் போட்டிருந்தார். பேன்ட் புதுசு, கிழிசலும் புதுசு.

"ஆளுக்கு ஒரு பாத்திரம் உருவாக்குங்க. இந்தக் காலத்து ஆளா இருக்கணும். அவங்க போற அடுக்குமாடியில பேய் வரும். ஒரு சக்தி எடுத்தா ஒரு பலவீனமும் எடுத்துக்கணும்."

அய்யா முப்பது வயதுக்காரர் ஆனார். சுவரைப் பிளப்பார், அடுத்தவர் மனசைப் படிப்பார், எதற்கும் அஞ்சமாட்டார்.

"பலவீனம், சார்?"

"எனக்கா? தம்பி, எழுத்துல ஒரு தடவை ஏறிட்டா அது பென்ஷன் வரைக்கும் தொரத்தும். எழுதாதீங்க."

தலைமை எழுத்தர் அம்மா, முறைத்தாலே எதிரில் இருப்பது எரிந்துபோகும் சக்தியைக் கேட்டார். இருப்பதையே எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. "அய்யாவுக்கே இல்லாத பலவீனம் எனக்கு இருந்தா மரியாதையா இருக்காது" என்றும் சொல்லிவிட்டார்.

"பலவீனமே இல்லாம ஆட்டம் தொடங்காதுங்க" என்று பயிற்சியாளர் கெஞ்சினார்.

"மொத்தத்துல இருந்தா போதுமா, ஆளாளுக்கு இருக்கணுமா?" என்று அய்யா கேட்டார்.

"விதியில அவ்வளவு தெளிவா இல்ல, சார்."

"அப்ப ஒதுக்கீடு பண்ணிடலாம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடைநிலை எழுத்தன் நான்தான். பயம், மாலைக்கண், மூச்சிரைப்பு, நொண்டிக்கால், மணிச்சத்தம் கேட்டால் மயக்கம் ஆகிய அனைத்தும் பணி நலன் கருதி என் ஆளுக்கு ஒதுக்கப்பட்டன. சக்தி எதுவும் காலியில்லை. வாயைத் திறக்கப் போனேன், விடுப்பு மனு ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன்.

ஆட்டத்தில் லிஃப்ட் மணி அடித்தது. அந்தச் சத்தத்துக்கே என் ஆள் மயங்கி விழுந்தான். கதவு திறந்தது. உள்ளே பேய்.

"நான் ஓடறேன்" என்றார் அய்யா.

"பயம் இருக்கறவங்கதான் ஓடலாம். உங்களுக்குத்தான் பயமே இல்லையே, சார்."

"கொஞ்சமாச் சேர்த்துக்கலாமா, தம்பி?"

"ஒதுக்கீடு முடிஞ்சுபோச்சு, சார்."

அம்மா பேயை முறைத்தார். "அது தீயில செத்த பேய்ம்மா. திரும்ப எரியாது" என்றார் பயிற்சியாளர்.

பேய் என்னைப் பிணம் என்று நினைத்துத் தாண்டிப் போய், மற்ற எல்லோரையும் மென்று தின்றது.

மறுநாள் மனுவோடு போனேன். அய்யா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

"யோவ், நான்தான் செத்துட்டேனே. என் கையெழுத்து எப்படிய்யா செல்லும்?"

சுற்றறிக்கை அமலுக்கு வந்துவிட்டது. ஆட்டத்தில் இறந்தவர்களுக்குச் சம்பளத்தோடு ஒரு மாதம் ஓய்வு. பிழைத்தவருக்கு முழுப் பொறுப்பு. பொறுப்பு அதிகாரி தன் விடுப்பில் தானே கையெழுத்துப் போடக்கூடாது.

மனைவிக்குப் போன் போட்டேன்.

"எல்லாரும் செத்துட்டாங்களா?"

"ஆமா."

"நீங்க மட்டும் பிழைச்சீங்களா?"

"ஆமா."

"எல்லாரையும் போல நீங்களும் செத்துத் தொலைச்சிருக்கலாம்ல? குழந்தை உங்களைப் பார்த்தா மிரளப் போறா." அவள் அழத் தொடங்கினாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

மாதம் முடிந்து செத்தவர்கள் வெயிலில் கறுத்து, கொழுகொழுவென்று திரும்பினார்கள். என் மனுவைப் பார்த்து, "அடுத்த பயிற்சி முடியட்டும்யா" என்றார் அய்யா. அதுவும் வந்தது. இந்த முறை நான் முந்திக்கொண்டேன். "எனக்குப் பலவீனமே கிடையாது."

எல்லோரும் அதையே சொன்னார்கள். அத்தனை பேரும் சாகத் தயாராக வந்திருந்தார்கள். பலவீனத்தை வாங்க ஆளில்லாமல் ஆட்டம் நின்றது.

வெளியே கவுன்ட்டரில், வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுக்க ஒரு தையல்காரர் காத்திருந்தார்.

"உள்ள வந்து உக்காருங்க" என்றார் அய்யா. பொதுமக்களில் ஒருவரை அந்த அலுவலகம் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. "கொஞ்சம் பலவீனம் மிச்சமிருக்கு. வாங்கிக்கறீங்களா?"

"வாங்கிக்கிட்டா தண்ணி வருமா, சார்?"

"கண்டிப்பா."

பாவம், அவ்வளவையும் வாங்கிக்கொண்டார். நாங்கள் கூண்டோடு செத்தோம்.

மகளைப் பார்த்தேன். மிரளவில்லை, என் மூக்கைப் பிடித்து இழுத்தாள். செத்துக் கிடந்த அந்த ஒரு மாதம்தான் நான் நிம்மதியாக உயிரோடு இருந்தேன்.

திரும்பி வந்தபோது அய்யா முதல் அத்தனை பேரும் கவுன்ட்டருக்கு வெளியே வரிசையில் நின்றார்கள். உள்ளே அய்யாவின் நாற்காலியில், கழுத்தில் அளவு நாடாவோடு தையல்காரர்.

"வேலைக்குத் திரும்பச் சேரணுங்க" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "செத்தவங்களை எப்படிச் சேர்க்கறது? உயிரோட இருக்கேன்னு சான்று கொண்டாங்க."

"அதை யாருங்க தர்றது?"

"நான்தான். நாளைக்கு வாங்க."

எனக்குச் சுருக்கென்றது. "ஏங்க, உங்க வீட்டுக் குழாய்ல தண்ணி வந்துச்சா?"

"அந்த மனுவா?" என்று காகிதத்தைப் புரட்டினார். "அது இன்னும் என் பார்வைக்கு வரலை."