கடைசி இடத்துக் கணக்கு சார்

ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் பாக்கியநாதனின் பெயர் சிவப்புக் கட்டத்துக்குள் இருந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். கண்ணாடிதான் சுத்தமானது, சிவப்பு அப்படியே இருந்தது.

"கணக்கு, 10-பி, சராசரி அம்பத்தெட்டு. கடைசி இடம்" என்று பின்னால் நின்ற தாளாளர் வாசித்துக் காட்டினார். வேண்டாத உதவிகளை அவர் தவறாமல் செய்வார். "அரையாண்டுல எழுபத்தி நாலு இருந்துச்சே சார், என்னாச்சு?"

"எனக்கே புரியலைங்க."

"இன்னும் ரெண்டு திருப்புதல் தேர்வு இருக்கு. அதுக்கப்புறமும் எந்த செக்ஷன் கடைசியோ, அந்த வாத்தியாருக்கு வையம்பட்டி."

மணப்பாறைக்கு அப்பால் வையம்பட்டியில் பள்ளியின் புதிய கிளை ஜூனில் திறக்கிறது. திருச்சியில் தேறாத வாத்தியார்களை அங்கே தள்ளிவிடலாம் என்பது தாளாளரின் கண்டுபிடிப்பு. எதையும் ஒளிவுமறைவில்லாமல் செய்கிறவர் என்பதால், ஜனவரியிலேயே பெற்றோர்களின் வாட்ஸ்ஆப் குழுவிலும் இந்த விதியைப் போட்டிருந்தார்.

மேலப்புதூர் வீட்டில் மனைவி டெல்பின் சிரித்தாள். அவள் தில்லை நகர் கிளினிக் ஒன்றில் நர்ஸ்.

"வர்றவங்களுக்குக் காய்ச்சல் நூத்தி மூணு இருந்தா, நாங்க டாக்டரையா மாத்துறோம்?"

"உனக்கு விளையாட்டா இருக்கு. தினம் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம்."

"பஸ்ஸுக்கா இவ்வளவு கவலை?"

பஸ்ஸுக்கு இல்லை. இருபத்திரண்டு வருஷம் கழித்து, 'பாக்கியநாதனுக்குக் கணக்குச் சொல்லித்தர வராது' என்று பெயர் வாங்கிக்கொண்டு போக வேண்டுமே என்பதுதான் அவர் நெஞ்சை அறுத்தது. அதை மனைவியிடம்கூடச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஸ்ரீரங்கத்துக்குப் போனார். 10-ஏ பிரிவின் கணக்கு ஆசிரியர் ரங்கநாதன் கீழ உத்திர வீதியில் இருந்தார். பட்டியலில் அவர் பெயர் எப்போதும் பச்சை.

"வாரும் பாக்கியம்! என்னண்டை என்ன ரகசியம் இருக்கு? என் கிளாஸ்ல முப்பத்திரண்டு பேர். முப்பது பேர் டியூஷன் போறா."

"மீதி ரெண்டு பேர்?"

"அவா ஆளுக்கு ரெண்டு டியூஷன் போறா. நான் அட்டெண்டன்ஸ் எடுக்கறேன், பெருமாள் மார்க் போடறார்."

10-பி பிள்ளைகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. திண்டுக்கல் ரோடு பஸ்ஸில் தொலைவிலிருந்து வருகிறவர்களை எல்லாம் ஒரே செக்ஷனில் போட்டிருந்தார்கள். விடியுமுன் பஸ் ஏறுகிற பிள்ளை எந்த டியூஷனுக்குப் போகும்? பிள்ளைகள் டியூஷனுக்குப் போக முடியாவிட்டால் டியூஷன் பிள்ளைகளிடம் போகட்டும் என்று பாக்கியநாதன் முடிவு செய்தார்.

தினமும் காலையில் மணப்பாறை வரை போய் ஸ்கூல் பஸ்ஸில் ஏறினார். பிரேக் போட்டால் கையிலிருந்த சின்னப் போர்டு முன்சீட்டுக்குப் போகும்; வேகத்தடை வந்தால் வட்டம் எல்லாம் முட்டையாகும். ஆனாலும் பிள்ளைகள் கேட்ட கேள்விக்குப் பட்பட்டென்று பதில் சொன்னார்கள். மணிமேகலை என்ற பெண், அவர் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொன்னாள். பாக்கியநாதன் குளிர்ந்து போனார்.

இரண்டாம் தேர்வில் சராசரி நாற்பத்தொன்பது.

"பஸ்ல நல்லாத்தானே சொன்னீங்க?" என்று மணிமேகலையிடம் கேட்டார்.

"பரீட்சைல மறந்துடுச்சு சார்."

"மொத்த கிளாஸுக்குமா?"

"எங்க கிளாஸ்ல ஒத்துமை ஜாஸ்தி சார்."

பெற்றோர் கூட்டத்தில் முறையிடலாம் என்று காத்திருந்தார். மணிமேகலையின் அம்மா காளியாயி களையெடுப்பை விட்டுவிட்டு வந்திருந்தாள். "உங்க பொண்ணு கெட்டிக்காரிங்க. வீட்ல கொஞ்சம் கவனிச்சீங்கன்னா..." என்று ஆரம்பித்தார்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சாருக்கு போர் தண்ணி ஒத்துக்குங்களா?"

"என்னது?"

"இல்ல, சளி கிளி பிடிக்குமான்னு கேட்டேன். வீட்டம்மா வேலைக்குப் போறாங்களா?"

பிள்ளையின் மார்க்கைக் கேட்க வந்தவள் வாத்தியாரின் சளியை விசாரிக்கிறாளே என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது. அடுத்து வந்த தகப்பனாரும் மார்க்கைப் பற்றிப் பேசவில்லை. வெயில் தாங்குமா என்று கேட்டார்.

கடைசியில் பாக்கியநாதன் தன் வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தார். பத்து முக்கியமான கணக்குகளைப் போர்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, "இதுக்கு மேல நான் சொல்லக்கூடாது" என்றார். வகுப்பே தலையாட்டியது. மூன்றாம் தேர்வில் பத்தில் எட்டு அப்படியே வந்தது.

சராசரி முப்பத்தெட்டு.

அதிலும் ஒரு விசித்திரம். முப்பத்தைந்துக்குக் கீழே ஒருவரும் இல்லை. நாற்பதுக்கு மேலேயும் ஒருவரும் இல்லை. யாரும் பெயிலாகவில்லை, யாரும் நல்ல மார்க் வாங்கவும் இல்லை. தாளாளர் மாறுதல் உத்தரவை நீட்டியபோது, "இப்படிப் பார்த்துப் பார்த்துக் குறைக்கறதுக்கும் ஒரு திறமை வேணும் சார்" என்றார்.

வீட்டுக்கு வந்து உத்தரவை மேசைமேல் வைத்தார். "இருபத்திரண்டு வருஷமா நான் கணக்குச் சொல்லிக் குடுத்தேனா டெல்பின், இல்ல கரும்பலகைக்கு வெள்ளையடிச்சேனா?"

இந்த முறை டெல்பின் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை போய் அந்த ஸ்கூல பார்த்துட்டு வாங்க. பார்க்காம பயப்பட வேணாம்" என்றாள்.

வகுப்புப் பிள்ளைகளிடம் வழி விசாரித்து வைத்துக்கொண்டு, சனிக்கிழமை வையம்பட்டியில் இறங்கி நடந்தார். புதுப் பள்ளியின் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. ஏதோ விசேஷம் போல என்று ஒதுங்கி நின்றவரை ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டது. பாதிப்பேர் 10-பி பிள்ளைகள். ஆளுக்கொரு தம்பியையோ தங்கையையோ கையில் பிடித்திருந்தார்கள். காளியாயி முன்னால் வந்து மாலையைப் போட்டாள்.

பாக்கியநாதன் மாலையைக் கழற்றப் போனார். "மாலை எல்லாம் எதுக்குங்க? நான் கடைசியா வந்ததால இங்க அனுப்பப்பட்டவன். உங்க பிள்ளைகளுக்கே என்னால சொல்லித்தர முடியல."

"யார் சார் சொன்னது?" என்று மணிமேகலை அவரை வகுப்பறைக்குள் இழுத்துப் போனாள். சுண்ணாம்பு வாசனை போகாத அறை. சாக்பீஸை எடுத்து, மூன்றாம் தேர்வில் வந்த பெரிய கணக்கை ஒரே மூச்சில் போட்டாள். இன்னொருத்தன் அடுத்ததைப் போட்டான். இப்படி ஆளுக்கொன்றாகப் போட்டுப் போர்டு நிரம்பிவிட்டது. ஒரு கூட்டல்கூடத் தப்பவில்லை.

"அரசுத் தேர்வுல பாருங்க சார், எல்லாருமே தொண்ணூறுக்கு மேல" என்றாள்.

"அப்ப பரீட்சையில ஏம்மா எல்லாரும் மறந்தீங்க?" என்று பாக்கியநாதன் ஏறக்குறைய அலறினார்.

காளியாயிதான் சங்கடத்துடன் முந்தானையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"நீங்க கடைசி எடம் வராட்டி உங்களைத் திருச்சியிலயே வச்சுக்குவாங்களே சார்; எங்க சின்னப் புள்ளைங்களுக்கும் நல்ல வாத்தியாரு வேணும்னுதான், பெருசுங்களைப் பாத்துக் கம்மியா எழுதச் சொன்னோம்."