கொண்டை ஊசிப் பாடகர்கள்

வேன் மலைப்பாதையின் முதல் வளைவில் இறங்கியதுமே மணிமேகலை ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். மலைமேல் செம்மேட்டில் தையல் கடை வைத்திருக்கும் அவள்தான், பக்கத்து மலையூரான பைல் நாட்டுச் சபையில் பாடத் தெரிந்தவர்களைச் சேர்த்து ஒரு பாடகர் குழு ஆரம்பித்தவள். நாமக்கல்லில் நடக்கும் கிறிஸ்தவப் பாட்டுப் போட்டிக்கு அதுதான் முதல் பயணம். பள்ளத்தைப் பார்த்தால் தலை சுற்றும் என்பதால், ஒருமுறை பாடிப் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரையும் பாடச் சொன்னாள்.

ஜெபப் பாட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவார்கள். பல்லவி முடிவதற்குள் வேன் ஒரு பக்கமாகப் போய்த் தடுப்புச் சுவரை உரசியது. கண்ணைத் திறக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. உயிர் போவதற்குள் கர்த்தர் காதில் விழுந்துவிடட்டும் என்று தொண்டை கிழியப் பாடினார்கள். அடுத்த வளைவு அதைவிட மோசம்.

போட்டியில் ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் குழுவில் பாடும் சுஜிதா, வேனில் தன் எதிரில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, பாடுகிற முகங்களை மட்டும் எடுத்திருந்த வீடியோவை யூடியூபில் போட்டாள். லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். இப்படி ஒரு விசுவாசத்தை எந்தக் குரலிலும் கேட்டதில்லை என்று எழுதினார்கள்.

ஈரோட்டிலிருந்து ஆல்பம் போட அழைப்பு வந்தது. குளிரூட்டிய அறையில் ஒரு பிசிறு இல்லாமல் பாடினார்கள். ஒலிப்பதிவாளர் கார்த்தி உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா வீடியோவுல இருந்த நடுக்கம் வரலீங்களே."

"அது உசிருப் பயத்துல வந்ததுங்க," என்றாள் மணிமேகலை.

"அப்ப அந்த வண்டியிலேயே பதிவு பண்ணிக்கலாங்க."

அதன்பிறகு ஒவ்வொரு பாட்டும் அந்த வேனில்தான் பதிவானது. ஆல்பம் ஓடியது. சேலம், திருச்சி என்று கூப்பிட்டார்கள். பேர் வளர வளர மணிமேகலை இளைத்துப்போனாள். ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கத்தில் தைத்துவிட்டு, பள்ளத்தையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டிரைவர் சின்னராசு, நெற்றி நிறையத் திருநீறு பூசுகிற, அதிகம் பேசாத மனிதர். மற்ற நாட்களில் அதே வேனில் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு கீழே போவார். ஒரு கிழங்குகூட உருளாமல் இறக்குவார் என்று ஊரே சொன்னது. அதைக் கேட்டதும் அவளுக்குப் பயம் கூடியது. அப்படியென்றால் நம்மை மட்டும்தான் ஏதோ பிடித்துத் தள்ளுகிறதா?

முதலில் பிரேக்கைச் சந்தேகப்பட்டாள். மெக்கானிக் கழற்றிப் பார்த்துவிட்டுக் குறையே இல்லை என்றான். இருந்தாலும் புதிது போட வைத்தாள். அடுத்த முறை வேன் இரண்டு இடத்தில் உரசியது. பிறகு சின்னராசுவைக் கண் முகாமுக்கு அழைத்துப் போனாள். பார்வையில் பழுதில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அப்படியானால் தூங்கி வழிகிறார் என்று முடிவு கட்டினாள். குழுவிலேயே தவில் மாதிரிக் குரல் உள்ள முருகானந்தத்தை முன்சீட்டில் உட்கார வைத்து, டிரைவர் காதோரமாகப் பாடச் சொன்னாள்.

முருகானந்தம் கண்களை இறுக மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து பாடினான். அன்றைக்கு வேன் எதிர்ப்பக்கத்துக்கே போய், ஏறி வந்த பஸ்ஸுக்கு மயிரிழையில் தப்பியது. பஸ் டிரைவர் திட்டியதுகூட அந்தப் பதிவில் லேசாகக் கேட்கும். அந்தப் பாட்டுதான் எல்லாவற்றையும்விட அதிகமாக ஓடியது.

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்காகத் திருச்சிக்குக் கிளம்பினார்கள். மணிமேகலை புதிதாக ஒரு பாட்டு எழுதியிருந்தாள். இதுவரை பாடியதிலேயே உருக்கமான பாட்டு. வேனில் ஏறியதுமே பயத்தில் எல்லாருக்கும் குரல் தானாக எழும்பியது. அனுபல்லவிக்கு வந்தபோது பெரிய சத்தம். வேன் குலுங்கி நின்றது. கண்ணைத் திறந்தால், தடுப்புச் சுவர் இடிந்து கிடந்தது. முன்சக்கரம் ஒன்று வெறும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது.

பின்கதவு வழியாக ஒவ்வொருவராக இறங்கினார்கள். இனிமேல் பாட்டும் வேண்டாம் பேரும் வேண்டாம், பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறேன் என்று சுஜிதா அழுதாள். மணிமேகலை ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். குழுவை இன்றோடு கலைத்துவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். கலைப்பதற்கு முன்னால் ஒன்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

"சின்னராசண்ணா, மறைக்காமச் சொல்லுங்க. வண்டியில பேய் கீய் இருக்குதுங்களா?"

சின்னராசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவளைப் பார்க்கக் கூச்சப்பட்டவர் போலத் தரையைப் பார்த்தார்.

"வண்டி தங்கமாட்டம் இருக்குது அம்மிணி. நீங்கல்லாம் கண்ணை மூடி அப்படி உருகிப் பாடறப்ப, நான் மட்டும் ஸ்டியரிங்கைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தா நல்லாருக்குங்களா? ரெண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுப் போடறனுங்க."