தண்ணீர்க் கேனின் மறுபக்கம்

"கையை எடுங்க!"

சுமைக்காரர் கையை எடுத்தார். மனைவி இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மறுபடி தூக்கியதும் அவர் கை தானாகப் போய் அதைப் பிடித்துக்கொண்டது.

குடோனில் நாற்பது வருடம் மூட்டை தூக்கியவர். ஒருவன் மூட்டைக்குக் குனிந்தால் அடுத்தவன் மறுமுனையைப் பிடித்தாக வேண்டும். வேலையை விட்டு ஆறு வருடமாகியும் கைக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

மனைவிக்குக் குடலில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் கைவலுவை அளக்கும் முள் வைத்த கைப்பிடி ஒன்றைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். முள் பதினான்கு கிலோவில் நின்றது.

"வயசானவங்களுக்குத் தசையில வலு இல்லேன்னா இந்த நோய்ல உயிர் போற ஆபத்து கூடுதல்ம்மா. தினமும் பாரம் தூக்கிப் பழகுங்க. மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

'உயிர் போற' என்ற சொல் அவர்களோடு பஸ் ஏறி வீடுவரை வந்தது.

"நீங்க தூக்கிட்டா எனக்கு எப்படிங்க வலு வரும்?"

"நான் எங்கடி தூக்குறேன்? சும்மா தொட்டுக்கிட்டிருக்கேன்."

அவள் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு தூக்கினாள். அவர் நிமிடத்துக்கொரு தரம் கதவைத் தட்டினார். "விழுந்துட்டியா?" எரிச்சலில் கதவைத் திறந்தவள் பாட்டிலை அவர் கால்விரல் மேல் போட்டாள். அதன்பிறகு நொண்டிக்கொண்டே வந்து பிடித்தார்.

மகள் துண்டால் அவர் கைகளைக் கட்டினாள். "பத்து நிமிஷம்தான்ப்பா, பொறுத்துக்க." அவர் பாட்டிலுக்கு அடியில் தோளைக் கொடுத்தார்.

"பாதி பாரம் அப்பா எடுத்துக்கிறார்னா, பாரத்தை ரெண்டு மடங்காக்கிடும்மா" என்று மகள் நாலு லிட்டர் தண்ணீர்க் கேனை இறக்கினாள். அவர் இரண்டு கையாலும் பிடித்தார்.

மூன்று மாதம் ஓடிப்போனது. மருத்துவமனை பெஞ்சில் அவர் குரல் இறங்கிவிட்டது. "முள்ளு ஏறலேன்னா அது என்னாலதான்."

"இப்ப வந்து சொல்லுங்க" என்றாள் மனைவி.

நர்ஸ் கைப்பிடியை நீட்டினாள். மனைவி கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள்.

பத்தொன்பது.

அவர் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார். "பார்த்தியா! கூடப் பிடிக்காதே, பிடிக்காதேன்னு என்னா பாடு படுத்தினே!"

"நான் தண்ணிக் கேனைத் தூக்கினா வந்து ஒட்டிக்குவாரு சிஸ்டர்" என்று மனைவி முறையிட்டாள்.

"ஐயா, நீங்களும் ஒருதரம் அழுத்துங்களேன்."

"இந்தக் கை எத்தனை லாரி ஏத்தியிருக்கு தெரியுமாம்மா?" என்று சிரித்தபடி அழுத்தினார். முள் பன்னிரண்டில் நின்றது. பல்லைக் கடித்து மறுபடி அழுத்தினார். பதினொன்று.

நர்ஸ் புதிதாக ஒரு சீட்டை எடுத்தாள்.

"பேரு, வயசு சொல்லுங்கய்யா. அம்மா மூணு மாசமா கேனோட சேர்த்து உங்களையும்ல தூக்கியிருக்காங்க!"