அலமாரி பல்பு

இந்த வீட்டில் யாராவது ஒருவர் அழுதாக வேண்டும். அந்த ஆள் மட்டும் தானாக இருக்கக் கூடாது. நம்ம மேனேஜர் இப்படியொரு தீர்மானத்துக்கு வந்தபோது பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. ஆனால் சட்டை அதற்குள் முதுகோடு ஒட்டியிருந்தது.

ஒட்டுவதில் இந்த ஊரை மிஞ்ச முடியாது. உப்பு ஜாடியோடு ஒட்டிக்கொள்ளும். காலிக் கவர்கள் டிராயரில் கிடந்தபடியே தாமாக ஒட்டிக்கொள்ளும். பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வருவதற்குள் அது துணி மாதிரி மடங்கும். பல வருஷம் குளிர் நாட்டில் ஸ்வெட்டருக்குள் வாழ்ந்த மனிதர், பதவி உயர்வு என்றதும் தலைகால் புரியாமல் மனைவியையும் இழுத்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார்.

வந்த புதிதில் அழுதது அவள்தான். சமையலறையில் பல்லி, குளியலறையில் தவளை, பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, "முடியலைங்க, திரும்பிப் போயிடலாம்" என்பாள். அப்போது அவருக்கு ஆபீஸில் ஏசி அறை. குளுகுளுவென்று வீடு திரும்பி, போனிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரே வார்த்தை சொல்வார்: "பழகிடும்."

அவளுக்குப் பழகிவிட்டது. பக்கத்து வீட்டு டீச்சரம்மாவிடம் இந்த ஊர் மொழியைக் கற்று, மார்க்கெட்டில் மீன்காரனோடு சண்டை போடும் அளவுக்குத் தேறிவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவரைத் தகரக் கூரை போட்ட கிடங்குக்கு மாற்றினார்கள். உள்ளே போனால் வேகலாம், வெளியே வந்தால் நனையலாம். வேறு வசதி இல்லை.

'என்னால் முடியவில்லை' என்று அவரே சொன்னால் லாயக்கில்லாதவர் என்று ஒதுக்கிவிடுவார்கள். மனைவி சொன்னால் கதையே வேறு. தலைமை அலுவலகத்து டைரக்டர் வருஷத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டுக்கே சாப்பிட வந்து, "ஊர் ஒத்துக்குதாம்மா?" என்று கேட்பார். அவள் கண்ணைத் துடைத்தால் போதும். குடும்பக் காரணம், மானம் போகாத மாற்றல், மறுபடியும் குளிர்.

முதலில் பேச்சிலேயே கரைக்கப் பார்த்தார்.

"அங்க பனி பெய்யுமே, ஞாபகம் இருக்கா?"

"அதை வழிச்சு வழிச்சு என் இடுப்பு போனதும் ஞாபகம் இருக்கு."

"எவ்வளவு அமைதியான ஊர்!"

"ஆமா. பக்கத்து வீட்டுக்காரர் செத்ததே நமக்கு அடுத்த மாசம்தான் தெரிஞ்சுது."

"இங்க கொசு பிடுங்குதே?"

"உங்களை மட்டும்தாங்க. நீங்க அசையாம உட்கார்ந்து குடுக்கறீங்க."

இது வேலைக்காகாது என்று அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார். இந்த ஊரில் துணி அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பு ராத்திரி பகலாக எரிய வேண்டும். அந்தச் சூடு இல்லாவிட்டால் துணியில் பூஞ்சை பூத்துவிடும். டீச்சரம்மா சொல்லிக்கொடுத்த ஏற்பாடு. மேனேஜர் அந்த நல்ல பல்பைக் கழற்றினார். தானாகவே போனது போல இருக்கட்டும் என்று பழைய ஃபியூஸ் போன பல்பு ஒன்றைத் தேடிப்பிடித்து மாட்டினார். நல்லதைக் குளிர் நாட்டுக் கம்பளிக் காலுறைக்குள் போட்டுப் பெட்டிக்கு அடியில் செருகினார். இந்த வெக்கையில் கம்பளிக் காலுறையை எவன் தொடப்போகிறான்?

நடுவில் ஒருநாள் மனசு கேட்கவில்லை. அந்த அலமாரியில்தானே அவளுடைய கல்யாணப் புடவை இருக்கிறது என்று நினைத்தார். அதைக் கட்டிக்கொண்டு அவள் முதல்முறை அவரைப் பார்த்துச் சிரித்தது நினைவுக்கு வந்தது. பல்பை மாட்டிவிடலாமா என்று எழுந்தார். கிடங்கின் கூரை நினைவுக்கு வந்தது. உட்கார்ந்துவிட்டார்.

டைரக்டர் வரும் நாளும் வந்தது. அவளே போய் அலமாரியைத் திறந்து அலறுவாள் என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, கோட்டை எடுத்துப் போட்டுக்குங்க. அவர் வர்ற நேரமாச்சு."

திறந்தார். புடவை ஒன்றுகூட இல்லை. அவருடைய ஒரே கோட்டு மட்டும் பச்சை ரோமம் முளைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"உன் புடவையெல்லாம் எங்க?"

"டீச்சரம்மா பீரோவுல. பல்பு மாறின அன்னிக்கே கொண்டுபோய் வச்சுட்டேன்."

"மாறினது உனக்கு எப்படித் தெரியும்?"

"இது குளியலறையில ஃபியூஸ் போனது. நான்தான் கழட்டினேன். மேல பெயிண்ட் சொட்டு இருக்கு பாருங்க."

"எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நீங்க சொன்னீங்களா?"

தேய்க்கத் தேய்க்கப் பச்சை பரவியதே தவிரப் போகவில்லை. அதையே மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். எதிரே கல்யாணப் புடவையில் அவள். டைரக்டர் மூக்கை உறிஞ்சினார், தோள்பட்டையைப் பார்த்தார், பிறகு அவளிடம் கேட்டார்.

"ஊர் ஒத்துக்குதாம்மா?"

"ரொம்ப நல்லா ஒத்துக்குதுங்க. ஆரம்பத்துல நான்தான் அழுதேன். எல்லாம் பழகிடும்னு இவர்தான் தைரியம் சொன்னார். கிடங்குன்னா இவருக்கு உயிர்."

"பார்த்தாலே தெரியுது. ஊர் இவர் மேலயே வேர் விட்டுடுச்சே!" என்று டைரக்டர் தட்டிக்கொடுக்க, தூசு பறந்தது. "இன்னும் மூணு வருஷம் கிடங்கு உங்க பொறுப்புதான்."

விருந்தாளி போனதும் மேனேஜர் சமையலறை ஸ்டூலில் சரிந்தார். "என்னால முடியலம்மா. அந்தக் கூரைக்குக் கீழ செத்துடுவேன் போல இருக்கு." குரல் உடைந்தது. பல்பு விஷயம் உட்பட எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இதை நேரா எங்கிட்ட சொல்லக் கூடாதா? உங்க வேலைக்கு நல்லதுன்னுதானே தூக்கி வச்சுப் பேசினேன்! கேட்டிருந்தா அவர் முன்னாடி குடம் குடமா அழுதிருப்பேனே!"

"நீ சிரிப்பியோன்னு..."

"நான் அழுதப்போ நீங்க நிமிர்ந்துகூடப் பாக்கலை."

அவருக்குத் தலை தொங்கிவிட்டது. அன்றைக்குப் போனை வைத்துவிட்டு அவள் முகத்தை ஒரு தடவை பார்த்திருக்கலாம். இரண்டு பேருமாக அப்போதே திரும்பிப் போயிருக்கலாம். இனி நினைத்து என்ன பயன்? கண்ணீர் வியர்வையோடு கலந்து இறங்கியது. அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

பிறகு அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கினாள். இரண்டு கையிலும் கம்பளிக் காலுறை. அவர் வாயைப் பிளந்தார்.

"பிடிதுணிக்கு இதுதாங்க வசதி" என்றவள் ஒன்றைக் கழற்றிவிட்டு, மேல்தட்டிலிருந்து அந்த நல்ல பல்பை எடுத்து நீட்டினாள்.

"போய் மாட்டுங்க. அந்தக் கோட்டு இன்னும் மூணு வருஷம் தாங்கணும்."