ஏறி இறங்கும் பரீட்சை

ஏறியதெல்லாம் சரி, இறங்கத்தான் முடியவில்லை.

சர்வேயர் மூச்சை விட்டு, வயிற்றை எக்கி இன்னொரு தடவை முயன்று பார்த்தார். ஸ்டியரிங் வயிற்றை விடுவதாக இல்லை. முழங்கால்கள் இரண்டும் டாஷ்போர்டுக்கு அடியில் சிக்கியிருந்தன. ஒன்றை அசைத்தால் மற்றது உயிர் போகிற மாதிரி வலித்தது.

அது பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர்தான் உட்காரலாம். தரையோடு தரையாக இருக்கும். அதில் யாரும் ஏறுவதில்லை, விழுவதுதான். அவரும் விழுந்துவிட்டார்.

துருப்பிடித்த தகரக் குவியலாக வீட்டுக்கு வந்த வண்டி அது. எத்தனையோ வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குத் தாரை வார்த்து, எஞ்சினைப் பிரித்துக் கோத்து, சீட்டுக்குத் தோல் தைத்து, சிவப்புப் பெயிண்ட் அடித்து ராஜகுமாரி ஆக்கிவிட்டார். ஆனால் ராஜகுமாரியை ஒரு நாளும் அவர் கேட்டைத் தாண்ட விட்டதில்லை. அவர் காப்பீட்டுக் கம்பெனி சர்வேயர். அடிபட்ட கார்களைப் பார்த்துச் சேதம் எவ்வளவு என்று சொல்வதுதான் வேலை. வாரம் முழுக்க நசுங்கிய வண்டிகளையே பார்க்கிறவருக்குத் தன் வண்டியை ரோட்டில் இறக்க மனசு வருமா? ஷெட்டுக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, துடைத்துப் போர்த்தி வைத்துவிடுவார்.

போன மாதம் முதுகு பிடித்துக்கொண்டது. தாழ்வான வண்டியில் கொஞ்ச நாளைக்கு உட்காரவே கூடாது என்றார் டாக்டர். மகன் அதையே பிடித்துக்கொண்டான்.

"ஓட்டாத வண்டிக்கு எதுக்குப்பா இவ்வளவு பாடு? நல்ல ஆள் ஒருத்தர் கேக்கறார். குடுத்துடலாம்."

மனைவிதான் நடுவில் புகுந்தாள்.

"அப்பாவால ஏறி இறங்க முடியற வரைக்கும் வண்டி இங்கதான் இருக்கும். முடியலைன்னா அப்புறம் பேசு."

தனக்காகப் பேசுகிறாளா, தலையில் கல்லைப் போடுகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. அந்த வண்டியை அவள் சக்களத்தியாகத்தான் பார்க்கிறாள் என்பது அவருடைய நெடுநாள் அபிப்பிராயம்.

இன்று அந்தப் பரீட்சை. இன்னும் சற்று நேரத்தில் மகன் ஆளோடு வந்துவிடுவான். அதற்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்க்கலாம் என்று ரகசியமாக வந்த இடத்தில்தான் இந்தக் கோலம்.

"ஒரு மாசத்துல இவ்வளவு தொப்பையா?" என்று தன் வயிற்றையே கேட்டார்.

சீட்டை நகர்த்தும் லீவர் கீழே இருந்தது. பக்கவாட்டில் சாய்ந்து கையை விட்டார். விரல் எட்டவில்லை. முழங்கை போய் ஹார்னில் இடித்தது. ஒரு மாதம் சும்மா கிடந்தும் ஹார்ன் கணீரென்று அலறியது. பாட்டரியை நினைத்து அந்த நிலைமையிலும் அவருக்குப் பெருமையாக இருந்தது.

மனைவி காப்பியோடு வந்தாள். "ஏறிட்டீங்களா?"

"ஏறாம என்ன? ஹார்ன் அடிக்குதான்னு பார்த்தேன்."

"சரி, இறங்கி வாங்க. காப்பி ஆறிடும்."

"இங்கயே குடு. இதுல உக்காந்து எவ்வளவு நாளாச்சு."

அவள் அவருடைய முழங்கால்களைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். "ஏங்க, நான் வேணா கொஞ்சம்..." என்று கையை நீட்டினாள்.

"ஒண்ணும் வேணாம். நீ உள்ள போ."

அவள் ஏதோ சொல்ல வந்து, விழுங்கிக்கொண்டு போனாள். டம்ளரை வைக்க இடமில்லை. தோல் சீட்டில் ஒரு சொட்டு விழுந்துவிடக் கூடாதே என்று கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கில் குடித்தார். நாக்கு வெந்ததுதான் மிச்சம். வயிறு இன்னும் கொஞ்சம் முன்னால் வந்த மாதிரி இருந்தது.

இனி ஒரே வழி, ஸ்டியரிங்கைக் கழற்றுவது. மாட்டியவருக்குக் கழற்றத் தெரியாதா? கதவுப் பையில் ஸ்பேனர் இருந்தது. நடுவில் இருந்த ஹார்ன் மூடியை நெம்பி எடுத்தார். நட்டைத் திருகினார். இரண்டு கையாலும் இழுத்ததும் ஸ்டியரிங் மடியில் வந்து விழுந்தது. அதோடு ஹார்ன் ஒயர் நழுவி இரும்புத் தண்டில் ஒட்டிக்கொண்டது.

இந்தத் தடவை ஹார்ன் நிற்கவே இல்லை.

தெருவே எட்டிப் பார்த்தது. அடுத்த வீட்டுத் தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்தாள். மனைவி வந்தாள். சொல்லி வைத்தாற்போல மகனும், வாங்க வந்தவரும் வந்து நின்றார்கள். மகன் பானெட்டைத் திறந்து பாட்டரி ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் சத்தம் அடங்கியது.

"என்னப்பா இது?"

"சர்வீஸ் பண்றேன்" என்றார் சர்வேயர், ஸ்டியரிங்கை மடியில் வைத்துக்கொண்டு.

"சரி, இறங்குங்க."

"வேலை முடியட்டும்."

மகன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தான். வாங்க வந்தவரும் ஒரு பக்கம் பிடித்தார். சர்வேயரின் சட்டை மேலே வந்தது, சர்வேயர் வரவில்லை. முழங்கால் டாஷ்போர்டில் இடித்து 'அம்மா' என்று கத்திவிட்டார். மகனுக்கே பாவமாகப் போயிற்று.

"விடுங்கப்பா. உங்களால முடியலை. அதுல ஒண்ணும் தப்பில்ல."

சர்வேயர் டாஷ்போர்டைப் பார்த்தார். அந்த மரப்பலகைக்குப் பாலிஷ் போட்ட நாட்களெல்லாம் நினைவுக்கு வந்தன. பெற்ற பெண்ணைக் கட்டிக்கொடுப்பது வேறு, இது வேறு. அவள் திரும்பி வந்து பார்ப்பாள்.

"குடுத்துடுடா" என்றார் மெதுவாக.

"யாரும் எதையும் குடுக்க வேணாம். தள்ளுங்க" என்றாள் மனைவி.

இரண்டு பேரையும் விலக்கிக் குனிந்தாள். பார்க்காமலே சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். 'டக்' என்றது. சீட்டு ஒரு சாணுக்கு மேல் பின்னால் வழுக்கிப் போனது. சர்வேயர் காலை மடக்கி வெளியே வைத்து, கதவைப் பிடித்து, கொஞ்சம் முனகினாலும் தானாகவே எழுந்து நின்றார். தொப்பை போன மாதம் இருந்த அளவில்தான் இருந்தது.

"பார்த்துக்கோ, இறங்கிட்டார்" என்றாள் மனைவி மகனிடம்.

மகன் தலையைச் சொறிந்துகொண்டு, வாங்க வந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டு வந்தான். திரும்பி வந்ததும் சீட்டையே பார்த்தான்.

"அது எப்படி இவ்வளவு முன்னாடி வந்துச்சு?"

"பழைய லீவர்டா. தானா நழுவியிருக்கும்" என்றார் சர்வேயர். எத்தனை ஞாயிற்றுக்கிழமை டார்ச் பிடித்து நின்றவள், லீவர் இருக்கும் இடம் அவளுக்குத் தெரியாதா என்று நினைத்தபோது அவர் மனசு நிறைந்துவிட்டது.

"ஆமா, தானாத்தான் நழுவியிருக்கும்" என்றாள் மனைவி அவசரமாக.

அவர் எழுந்தபோது மடியிலிருந்து தரையில் விழுந்த ஸ்டியரிங்கைத் தையல்காரம்மா கவலையோடு எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இதை இன்னிக்கே மாட்டிடுங்கண்ணே. நாளைக்கு நீங்க ஆபீஸ் கிளம்பினதும், அக்காவும் நானும் வழக்கம்போல இதுலதானே நீச்சல் கிளாசுக்குப் போகணும்."