வாசலோரத்து கோல்கீப்பர்

பதினொரு படங்களில் பத்தின் மேல் தூசி இருந்தது. ஒன்றின் மேல் இல்லை.

பிரேம்காரர் விரலால் தடவிப் பார்த்தார். இடது விங்கில் தூசி. நடுக்களத்தில் தூசி. தடுப்பு வரிசை நால்வர் மேலும் தூசி. கோல்கீப்பர் மட்டும் பளபளவென்று நின்றார்.

துறைமுக அணியின் எழுபத்தைந்து வருடத்திலிருந்து அவர் பொறுக்கி எடுத்த பதினொரு பேர் அவர்கள். தம் கையாலேயே பிரேம் போட்டு, ஆட்டத்தில் நிற்கும் வரிசையிலேயே கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தார். கோல்கீப்பர் வாசல் கதவை ஒட்டி. இருப்பதிலேயே பெரிய படம். மங்கும் வெளிச்சத்தில் எடுத்தது. கறுப்புச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, பின்னால் இருண்ட கேலரி. அவரைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் ஊரே அவரைப் ‘பூட்டு’ என்றது. பத்து வயதில் அவரைப் பார்ப்பதற்காகவே பிரேம்காரர் சுவர் ஏறிக் குதித்து முழங்காலைக் கிழித்துக்கொண்டிருக்கிறார். தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்தப் பூட்டை யாரோ தினமும் துடைக்கிறார்கள். வீட்டில் இருப்பதோ இரண்டு பேர்.

வழக்கமாக எட்டு மணிக்கெல்லாம் அவர் சலூனில் இருப்பார். தினமும் அங்கேதான் ஷேவிங். மறுநாள் போகவில்லை. செய்தித்தாளை விரித்து அதன் பின்னால் உட்கார்ந்தார்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை. எட்டரைக்குக் கைப்பையோடு வந்தாள். மற்ற பத்துப் பேரையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் பூட்டின் முன் நின்றாள். முந்தானையால் ஒருமுறை துடைத்தாள். தலையைச் சாய்த்தாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். பிறகு சிரித்தாள்.

கல்யாணமாகிப் பதினெட்டு வருடம். அந்தச் சிரிப்பு தன் பக்கம் வந்ததாக அவருக்கு நினைவில்லை.

“வரேங்க” என்றாள், படத்தைப் பார்த்தபடியே.

அவள் போன பிறகுதான் சலூனுக்குப் போனார். சலூன்காரர் கத்தியை எடுத்தார். “என்னண்ணே, தாடை இப்படி இறுகிக் கெடக்கு? கத்தி நகர மாட்டேங்குது.”

“ஒருத்தன் ரிட்டயராகி முப்பது வருஷம் ஆச்சு. இன்னும் அவனைப் பார்த்து ஒரு பொம்பளை சிரிக்கிறான்னா என்ன அர்த்தம்?”

“யாரைச் சொல்றீங்க?”

“பொதுவாக் கேட்டேன்.”

“எங்க பல்லியாத்தான் இருக்கும். அவர் அழகு அப்படி.”

பல்லி இன்னொரு கோல்கீப்பர், பூட்டுக்குப் பின் வந்தவர். கம்பத்தோடு ஒட்டிக்கொண்டே ஆடுவார். இரண்டு பேரில் யார் உசத்தி என்று அந்த நாற்காலியில் இருபது வருடமாகச் சண்டை. ஞாயிற்றுக்கிழமை ரசிகர் சங்கத்தில் ஓட்டெடுப்பு. ஜெயிக்கும் பதினொரு பேரின் படங்கள் மைதான வாசலில் நிரந்தரமாக மாட்டப்படும். பத்துப் பேர் விஷயத்தில் தகராறில்லை. கோல்கீப்பருக்குத்தான் இழுபறி. மொத்தம் இருபத்தொரு உறுப்பினர்கள். பூட்டுக்குப் பதினொன்று, பல்லிக்குப் பத்து. யார் யார் எந்தப் பக்கம் என்று தெருவுக்கே தெரியும்.

“பல்லி படம் ஒண்ணு இருக்குமா?” என்றார் பிரேம்காரர்.

சலூன்காரர் கையிலிருந்து கத்தி நழுவப் பார்த்தது. “அண்ணே! மனசு மாறிட்டீங்களா?”

“ஒரு மாறுதலுக்கு.”

அன்று மாலை பூட்டு இறங்கினார், பல்லி ஏறினார். உச்சி வெயிலில் எடுத்த படம். வெள்ளைச் சட்டை கண்ணைக் கூசவைத்தது.

காலையில் மனைவி நின்றாள். பார்த்தாள். முகம் சுருங்கியது.

“இதை ஏன் மாட்டுனீங்க? பழையதே நல்லாத்தானே இருந்துச்சு.”

“இவரும் கோல்கீப்பர்தான்.”

“இருந்துட்டுப் போகட்டும். எனக்கு அவர்தான் சரி.”

எனக்கு அவர்தான் சரி. பிரேம்காரர் அன்று மூன்று சட்டங்களை அளவு தவறி அறுத்தார்.

பல்லியை இறக்கிவிட்டுப் பூட்டையே மாட்டினார். ஆனால் பழைய ஆணியில் இல்லை. விட்டத்துக்குச் சற்றுக் கீழே மாட்டினார். இனி எப்படிப் பார்க்கிறாள், பார்க்கலாம்.

அவள் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள்.

“விழுந்து கிழுந்து வைக்காதே!” என்று கத்தினார்.

“அப்போ கீழ எறக்குங்க. இந்த வயசுல என்னை ஏற வைக்கிறீங்களே.”

இந்த வயதிலும் ஏறுகிறாளே என்பதுதான் அவர் கவலை. பூட்டுக்கு இப்போது எழுபத்திரண்டு. முழங்கால் வலி, மூன்று பேரன்கள். ஆனால் படத்தில் இருப்பவனுக்கு இருபத்தெட்டு. அவனுக்கு வயதாகப்போவதில்லை. தான் சுவரேறிக் குதித்துக் கண்டெடுத்தவன், தன் காசில், தன் ஆணியில் தொங்கிக்கொண்டு தன் பெண்டாட்டியின் சிரிப்பை வாங்கிக்கொள்கிறான். இரண்டு பேரில் யார் மேல் பொறாமை என்று அவருக்கே தெளிவாகவில்லை.

தொழிலைத்தான் நம்பினார். படத்தைக் கீழே இறக்கி மாட்டி, பளபளப்பில்லாத சொரசொரப்புக் கண்ணாடியாக மாற்றினார். ஆள் பனிமூட்டத்தில் நிற்பதுபோல் மங்கினார்.

“என்ன பண்ணுனீங்க?” மனைவியின் குரல் உடைந்தது. “மூஞ்சியே தெரியலை!”

“தெரிஞ்சு என்ன ஆகணும்?”

“ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம். அதுகூடப் பொறுக்கலையா உங்களுக்கு?”

கைப்பையை எடுத்துக்கொண்டு விருட்டென்று போய்விட்டாள். எதற்கு அந்த ஒரு நிமிஷம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டு, அவள் பதில் சொல்லிவிட்டால்?

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் சீட்டுப் பெட்டி வந்தது. பிரேம்காரர் ஓர் ஓரமாகப் போய் நின்றார். முழங்கால் தழும்பு அரித்தது. எழுதினார், மடித்தார், போட்டார்.

தலைவர் எண்ணினார். “பல்லி பதினொண்ணு. பூட்டு பத்து.”

சலூன்காரர் நாற்காலி மேல் ஏறி ஆடினார். பிறகு ஓடிவந்து பிரேம்காரரைக் கட்டிக்கொண்டார். “ஒரு மாசத்துக்கு உங்களுக்கு ஷேவிங் இனாம்ணே! பல்லிக்கு பிரேமும் நீங்கதான் போடணும்.”

வீட்டுக்கு வந்ததும் பூட்டை ஆணியோடு பிடுங்கிக் கடைக்குத் தூக்கிப் போனார். கண்ணில் படாத இடமாகத் தேடினார். கடைசி மூலையில், செய்தித்தாள் சுற்றிய பெரிய பிரேம் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. அதன் மேல் ஒரு விரற்கடைத் தூசி. நூலில் கட்டிய அட்டையில் அவருடைய கையெழுத்து: ‘மிக அவசரம்.’ யாருடையது என்று எழுதவில்லை. எந்த வாடிக்கையாளரோ, பாவம், கேட்டுக் கேட்டு ஓய்ந்திருப்பார். அதற்குப் பின்னால் பூட்டைச் செருகினார். பத்து வயதிலிருந்து அவரைக் காத்து நின்ற மனிதர், முகம் சுவரைப் பார்க்க நின்றார்.

திங்கட்கிழமை மனைவிக்கு ஆஸ்பத்திரியில் விருது. நல்ல புடவை கட்டியிருந்தாள். கூட்டிப்போக அவளுடைய அண்ணன் வந்திருந்தார், பஸ் டிரைவர். அவள் கூடத்துக்கு வந்தாள். வெறும் சுவரையும் ஆணி பிடுங்கிய ஓட்டையையும் பார்த்தாள்.

“இதையும் எடுத்துட்டுப் போயிட்டீங்களா?”

“போயிட்டார். இனி வரமாட்டார்.”

அவள் கண் கலங்கியது. பிரேம்காரருக்குப் பொறுக்கவில்லை.

“சொல்லிடு” என்றார். “உங்க அண்ணன் முன்னாடியே சொல்லிடு. என்கிட்ட இல்லாதது அப்படி என்ன அந்தாள்கிட்ட இருக்கு?”

அவள் அவரை விசித்திரமாகப் பார்த்தாள். அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, பழக்கமாக வாசலோரத்துச் சுவர் முன் போய் நின்றவர், தூக்கிய கை தூக்கியபடியே திரும்பினார்.

“என்ன மாப்பிள்ளை, சட்டம் மாத்தித் தரேன்னு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கொண்டுபோன முகம் பார்க்குற கண்ணாடிதான் வரலை, தலை சீவ இருந்த அந்தக் கறுப்புச் சட்டைக்காரரையும் தூக்கிட்டீங்களா?”